கொக்கோடா பாதை: நடக்க வருபவரின் காசு கிராமத்தில் தங்குவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

1942ல் நியூ கினி மலைக்காட்டில் ஆஸ்திரேலியப் படைக்குச் சாமான் அனுப்பும் பொறுப்பில் இருந்த பெர்ட் கீன்ஸில் என்ற அதிகாரி ஒரு கணக்குப் போட்டார். ஒரு சுமைகாரர் வெறும் உணவை மட்டும் தூக்கிக்கொண்டு கிளம்பினால், அந்தச் சுமையை அவர் ஒருவரே 13 நாளில் தின்று தீர்த்துவிடுவார். கூட ஒரு சிப்பாய்க்கும் அதிலிருந்து சோறு போட வேண்டுமென்றால் ஆறரை நாள்தான். ஆனால் பாதையின் மறுமுனையில் இருக்கும் கொக்கோடா போய்ச் சேரவே எட்டு நாள் ஆகும். அதாவது, போர்முனைக்குப் போவதற்குள் மூட்டை காலி. துப்பாக்கி, தோட்டா, மருந்து எல்லாம் இந்தக் கணக்கில் வரவே இல்லை. இதனால்தான் மலை உச்சியில் மியோலா என்ற வறண்ட ஏரிப் படுகையைக் கண்டுபிடித்து, விமானத்திலிருந்து அங்கே மூட்டைகளைப் போட்டார்கள்.

இந்தக் கணக்கை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்று அதே பாதையில் சுற்றுலாவாக நடக்க வருபவர்களும் ஏறக்குறைய இதே முறையில்தான் நடக்கிறார்கள். சாப்பாடு தலைநகரில் வாங்கப்பட்டு, பொட்டலமும் டப்பாவுமாக மலையேறுகிறது. அதைத் தூக்குபவரும் அதிலிருந்தே சாப்பிடுகிறார். வழியில் இருக்கும் ஊர்களில் சேம்பும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வாழையும் விளைந்து கிடக்கின்றன. வந்தவர்கள் அவற்றைப் படம் பிடித்துக்கொண்டு, பொட்டலத்தைப் பிரித்து நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். போர்க்காலப் பாதைச் சுற்றுலா கிராமத்துக்கு என்ன தருகிறது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இந்தக் காட்சியிலேயே இருக்கிறது.

பாதை எது, போர் எது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கொக்கோடா பாதை பப்புவா நியூ கினியில், ஓவன் ஸ்டான்லி மலைத்தொடரைக் குறுக்காகத் தாண்டும் 96 கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. தெற்கு முனை தலைநகர் போர்ட் மோர்ஸ்பிக்கு மேலே ஓயர்ஸ் கார்னர். வடக்கு முனை கொக்கோடா. நடுவில் 2,000 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். 1942 ஜூலையில் வடக்குக் கரையில் கோனா அருகே இறங்கிய ஜப்பானியப் படை, இந்த மலையைத் தாண்டிப் போர்ட் மோர்ஸ்பியைப் பிடிக்கக் கிளம்பியது. ஆகஸ்ட் கடைசியில் இசுராவாவில் கடும் சண்டை. செப்டம்பரில் இயோரிபைவா முகடு வரை வந்துவிட்டது. அங்கிருந்து பின்வாங்க உத்தரவு வந்தது; சாலமன் தீவுகளின் குவாடல்கனாலில் தோல்வி முகம், இங்கே பட்டினி. நவம்பர் 2 அன்று ஆஸ்திரேலியர்கள் மறுபடி கொக்கோடாவுக்குள் நுழைந்தார்கள். இந்தப் பாதைச் சண்டையில் மட்டும் ஆஸ்திரேலியர் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். ஜப்பானியர் பக்கம் குண்டோடு பசியும் நோயும் சேர்ந்து கொன்றன.

பெயரிலேயே ஒரு சின்னத் தகராறு உண்டு. பப்புவா நியூ கினி அரசிதழ்ப்படி இது ‘கொக்கோடா டிரெய்ல்’. ஆஸ்திரேலியர்களில் பலர் ‘ட்ராக்’ என்றே சொல்வார்கள்; அதுதான் சிப்பாய்கள் சொன்ன பெயர் என்று சண்டைக்கும் வருவார்கள். ஊர்க்காரர்களுக்கு இரண்டும் அந்நியச் சொற்கள்தான். அவர்களுக்கு இது அடுத்த ஊருக்குப் போகிற வழி, தோட்டத்துக்குப் போகிற வழி.

இனி சுற்றுலாவுக்கு வருவோம். 2001ல் இந்தப் பாதையை நடந்து முடித்தவர்கள் 100 பேர் கூட இல்லை. 2002 ஆகஸ்டில், போரின் 60ஆம் ஆண்டில், இரு நாட்டுப் பிரதமர்களும் இசுராவாவில் நினைவிடத்தைத் திறந்துவைத்தார்கள். தைரியம், தாக்குப்பிடித்தல், தோழமை, தியாகம் என்ற பொருளில் நான்கு கருங்கல் தூண்கள் அங்கே நிற்கின்றன. அதன் பிறகு கூட்டம் ஏறியது. 2008ல் 5,600க்கு மேல் போனது. அதுதான் உச்சம், பின்பு அந்த எண்ணிக்கை திரும்ப வரவில்லை. 2009ல் நடையாளர்கள் சிலர் வழியிலேயே இறந்தார்கள். அதே ஆகஸ்டில் கொக்கோடாவுக்குப் பறந்த சிறு விமானம் மலையில் மோதி 13 பேர் பலியானார்கள். 2020ல் கொரோனா வந்து பாதையையே மூடிவிட்டது.

எண்ணிக்கை இப்படி ஏறி இறங்குவது கிராமத்துக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நூறு பேர் வந்த இடத்துக்கு ஏழே வருடத்தில் ஐயாயிரம் பேர். ஆளுக்கு ஆள் கெஸ்ட் ஹவுஸ் கட்டுகிறார்கள், மரம் வெட்டி, ஓலை வேய்ந்து. அப்புறம் கூட்டம் குறைகிறது. காலியாகக் கிடக்கும் குடிசையைக் கரையான் தின்கிறது. சுற்றுலா காலமும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான். அதிலும் ஏப்ரல் 25, ஆஸ்திரேலியர்கள் போரில் இறந்தவர்களை நினைவுகூரும் ஆன்சாக் நாளை ஒட்டிய வாரங்களில் நெரிசல் தாங்காது. மற்ற வாரங்களில் ஆள் இருக்காது.

சரி, காசு எங்கே போகிறது? ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்றில் பதிவு செய்து வருபவருக்கு 4,000 ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டிச் செலவாவது சகஜம். எட்டிலிருந்து பத்து நாள் நடை. இதில் பாதைக்கான பெர்மிட் கட்டணம் பல வருடங்களாக 350 கினாவாக (கினா என்பது பப்புவா நியூ கினியின் பணம்) இருந்தது, ஆஸ்திரேலியப் பணத்தில் ஏறக்குறைய 150 டாலர். மொத்தச் செலவில் நூற்றுக்கு நான்கு கூடத் தேறாது. இந்தத் தொகை கொக்கோடா டிராக் ஆணையத்துக்குப் போகிறது. 2003ல் பாதை ஓடும் உள்ளாட்சி மன்றங்களின் பேரில் அமைக்கப்பட்ட அமைப்பு இது. பெர்மிட் கொடுப்பது, நிறுவனங்களுக்கு லைசென்ஸ் கொடுப்பது, பாதையைப் பராமரிப்பது, ஊர்களுக்குப் பங்கு கொடுப்பது எல்லாம் இதன் தலையில். மிச்சப் பணத்தில் விமான டிக்கெட், ஓட்டல், காப்பீடு, நிறுவனத்தின் லாபம் எல்லாம் மலைக்கு வெளியிலேயே கைமாறிவிடும். மலைக்குள் வருவது மூன்று வழிகளில்தான்: சுமைகாரரின் கூலி, முகாமிடும் இடத்துக்கான வாடகை, வழியில் விற்கும் பழமும் குளிர்பானமும்.

இந்த மூன்றில் கூலிதான் பெரியது. ஆனால் கூலியிலும் ஒரு சிக்கல். சுமைகாரர்களில் பெரும்பாலோர் பாதையின் இரண்டு முனைகளிலிருந்து, அதாவது கொக்கோடா பக்கத்திலிருந்தும் தெற்கே சொகேரி பக்கத்திலிருந்தும் எடுக்கப்படுகிறார்கள். நிறுவனத்துக்கு அதுதான் வசதி. குழு அங்கேதானே கிளம்புகிறது. நடுமலையில் இருக்கும் எஃபோகி, காகி, மெனாரி, நவுரோ போன்ற ஊர்களின் இளைஞர்களுக்கு அந்த வேலை அவ்வளவாகக் கிடைப்பதில்லை. அவர்கள் ஊர் வழியாக ஆயிரக்கணக்கானவர்கள் போகிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது கூடார வாடகையும், தோட்டத்தின் வாழைப்பழத்துக்குச் சில கினாவும்.

இந்த இடத்தில்தான் நிர்வாகம் என்ற சொல்லுக்கு அர்த்தம் வருகிறது என்று நான் நினைக்கிறேன். கட்டணத்தை உயர்த்து, நிதி ஒதுக்கு என்று பேசுவதற்கு முன்னால், பணம் எந்த இடத்தில் கைமாறுகிறது என்பதை மாற்ற வேண்டும். சுற்றி வந்து அரசு வழியாகப் பங்காக இறங்கும் காசைவிட, ஊருக்குள் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும் காசு உறுதியானது. நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அங்கே 1986ல் தொடங்கிய பாதுகாப்புத் திட்டம் நுழைவுக் கட்டணத்தை அந்தப் பகுதியிலேயே செலவிட்டது. அதைவிட முக்கியம், அங்கே நடப்பவர் ஊர்க்காரர் வீட்டிலேயே தூங்கி, அவர் அடுப்பில் சமைத்ததையே சாப்பிடுகிறார். இரவு ஒன்றுக்கு இரண்டு வேளைச் சாப்பாடு, ஒரு படுக்கை, நாலு கோப்பை தேநீர் என்று காசு நேராக அந்த வீட்டுக்குப் போய்விடும். கொக்கோடாவில் அந்த வழக்கம் உருவாகவில்லை. ராணுவப் பயணம் போல எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போவதே பெருமை என்று ஆகிவிட்டது. போரின் கஷ்டத்தை அனுபவிக்க வந்தவர்களுக்கு வசதியான சாப்பாடு உறுத்தும் போலிருக்கிறது.

அன்னபூர்ணாவை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அங்கே கோவேறு கழுதை போகும் அளவுக்காவது பாதை உண்டு. இங்கே அரிசி மூட்டை வர வேண்டுமென்றால் சின்ன விமானம்தான், அதுவும் புல்வெளி ஓடுதளம் உள்ள ஊர்களுக்கு மட்டும். நாற்பது பேர் கொண்ட குழு திடீரென்று வந்து நின்றால் எந்த ஊராலும் சோறு போட முடியாது. ஆனால் ஒரு சின்ன மாற்றம் செய்யலாம். இருபது நடையாளர்கள் வந்தால் கூடவே அதே அளவு அல்லது அதற்கு மேல் சுமைகாரர்கள் வருகிறார்கள். வெள்ளைக்காரருக்குத் தெரிந்த சாப்பாடுதான் வேண்டுமென்றால் சரி, அவர் பொட்டலத்தைப் பிரித்துக்கொள்ளட்டும். சுமைகாரர்கள் கிழங்கும் கீரையும் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அவர்களுக்கு டப்பா மீனும் அரிசியும் எதற்குத் தலைநகரிலிருந்து வர வேண்டும்? குழு வரும் தேதி மூன்று மாதம் முன்பே ஊருக்குத் தெரிந்தால், அதற்கேற்பத் தோட்டத்தில் நட முடியும். மூட்டையின் எடையும் குறையும். கீன்ஸிலின் கணக்கும் கொஞ்சம் மாறும்.

தேதி முன்கூட்டித் தெரிவது என்பது கேட்கச் சாதாரணம். ஆனால் அதுதான் இல்லாமல் தவிக்கிறார்கள். எந்த ஊரில் எந்தக் குழு எந்த இரவு தங்கும் என்று ஒரே இடத்தில் குறிக்கும் ஏற்பாடு ஒழுங்காக நடந்தால், ஒரே ராத்திரியில் ஒரு முகாமில் நூறு பேர் நெருக்கியடிப்பதும், அடுத்த முகாம் காலியாகக் கிடப்பதும் குறையும். கழிப்பறைப் பிரச்சினையும் பாதி தீரும். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். பெர்மிட் கொடுக்கும்போதே இரவுத் தங்கலையும் பதிவு செய்தால் போதும்.

இன்னொரு விஷயம் சனிக்கிழமை. பாதையோர ஊர்களில் வாழும் மலைக் கோயாரி மக்களில் பெரும்பாலோர் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவர்கள். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள், தொழுகை நாள். வெள்ளி சூரியன் மறைந்தால் விற்பனை இல்லை, கூலி வேலை இல்லை. பன்றி இறைச்சியும் கிடையாது. பயணத் திட்டம் போடும்போது இதைத் தொந்தரவாக நினைக்கும் நிறுவனங்கள் உண்டு. உண்மையில் இது ஒரு வரம். வெள்ளி மாலை வந்து, சனி முழுக்க ஊரில் இருந்து, கோவில் பாட்டைக் கேட்டு, ஞாயிறு கிளம்பும் குழு ஓர் இரவு கூடுதல் வாடகை தருகிறது. முதல்முறையாக அந்த ஊர் ஆட்களோடு உட்கார்ந்து பேசவும் செய்கிறது.

இப்போது நிலத்துக்கு வருவோம். பப்புவா நியூ கினியின் நிலத்தில் கிட்டத்தட்ட 97 சதவீதம் குலங்களுக்குச் சொந்தமான வழிவழி நிலம். அரசு நிலம் அல்ல, தனியார் பட்டா நிலமும் அல்ல. கொக்கோடா பாதை ஒரு நெடுஞ்சாலை மாதிரி வரைபடத்தில் தெரியலாம். தரையில் அது ஒரு குலத்தின் எல்லையிலிருந்து இன்னொரு குலத்தின் எல்லைக்குப் போகும் வழிகளின் தொகுப்பு. வடக்கே ஒரொகாய்வா, தெற்கே கோயாரி, அவர்களுக்குள்ளும் பல கிளைகள். ஆணையம் சேர்க்கும் கட்டணத்தில் தங்கள் பங்கு வரவில்லை என்று தோன்றினால், ஒரு குலத்தார் ஒரு மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டுப் பாதையை மூடிவிடுவார்கள். இது பலமுறை நடந்திருக்கிறது. வெளிநாட்டுச் செய்திகளில் இது ‘பணம் பறிப்பு’ மாதிரி வரும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போலீஸ் நிலையமோ, நீதிமன்றமோ, வங்கியோ பக்கத்தில் இல்லாத இடத்தில், கணக்குக் கேட்க அவர்களிடம் இருக்கும் ஒரே கருவி அந்த மரம்தான்.

மரத்தை அகற்ற ஹெலிகாப்டரில் அதிகாரிகள் வந்து பேச்சு நடத்துவதைவிட, கணக்கை ஊரிலேயே மாட்டிவைப்பது மலிவு. போன மாதம் இத்தனை பெர்மிட், இத்தனை கினா, உங்கள் வார்டுக்கு இவ்வளவு, இந்தத் தேதியில் இவருடைய கையில் கொடுக்கப்பட்டது என்று ஒரு பலகை. நாட்டின் பொதுமொழியான டோக் பிசினிலும் உள்ளூர் மொழியிலும் எழுதியிருந்தால் இன்னும் நல்லது. பெர்மிட் வைத்திருப்பவர்களை ஊர் ரேஞ்சர்கள் எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கையும் தலைநகர்க் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று ஊர்க்காரரே பார்த்துக்கொள்வார். கொடுக்கும் இடத்திலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். அங்கே ‘வான்டோக்’ என்று ஒரு பழக்கம் உண்டு: ஒரே மொழி பேசும் சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் தாங்க வேண்டும் என்ற கடமை. நல்ல வழக்கம்தான். ஆனால் ஊர்ப் பணம் ஒருவர் கைக்கு வந்தால், அவருடைய வான்டோக்குகளைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போகாமலும் போகலாம். ஆகவே தலைவர் கையில் கொடுத்துவிட்டோம் என்று ஆணையம் கையைக் கழுவ முடியாது.

இந்தச் சுற்றுலா தோற்றால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு முன்னோட்டம் ஏற்கெனவே வந்து போயிருக்கிறது. 2000களின் நடுவில், பாதையின் தென்பகுதியில் கோடு என்ற இடத்தில் செம்பும் தங்கமும் இருப்பதாகச் சொல்லி ஒரு நிறுவனம் சுரங்கம் தோண்ட முனைந்தது. பாதையின் ஒரு துண்டு இடம்மாற வேண்டியிருக்கும். ஆஸ்திரேலியாவில் பெரிய எதிர்ப்பு. ஆனால் அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர்களில் பலர் சுரங்கம் வரட்டும் என்றார்கள். அதற்காகப் பாதையையே மறித்தார்கள். ஏன் மாட்டார்கள்? சுரங்கம் பள்ளிக்கூடமும் ரோடும் தருவதாகச் சொன்னது. புனிதமான பாதை தந்தது வாழைப்பழ விற்பனை. 2008ல் பப்புவா நியூ கினி அரசு ஆய்வு உரிமத்தை நீட்டிக்க மறுத்தது. அதே வருடம் பாதையையும் மலைத்தொடரையும் காக்க இரு அரசுகளும் உடன்பாடு செய்தன. ஆஸ்திரேலியப் பணத்தில் பள்ளி, சுகாதார நிலையம், ஓடுதளம் என்று வேலைகள் நடக்கத் தொடங்கின. போர்ட் மோர்ஸ்பிக்குக் குடிநீர் தரும் நீர்ப்பிடிப்புப் பகுதியும் இந்த மலைதான் என்பதால், காட்டைக் காப்பதில் தலைநகருக்கும் சுயநலம் உண்டு. ஆனாலும் செம்பு அங்கேயேதான் இருக்கிறது.

சுற்றுலாக் காசை ஒரே கும்பல் அள்ளிவிட்டதாக எண்ணம் பரவினால் எவ்வளவு கொடூரமாக முடியலாம் என்பதற்கு வேறொரு போர்ப்பாதை உதாரணம். சலமாவுவாவிலிருந்து வாவ் போகும் பிளாக் கேட் பாதையில் 2013 செப்டம்பரில் ஒரு நடைக்குழு தாக்கப்பட்டது. வெளிநாட்டினர் காயத்தோடு தப்பினார்கள். உயிரை விட்டவர்கள் உள்ளூர்ச் சுமைகாரர்கள். காரணம் பற்றிப் பல பேச்சுகள் உண்டு. வேலை எந்த ஊர் ஆட்களுக்குக் கிடைக்கிறது என்ற கசப்பும் அவற்றில் ஒன்று.

பணத்தோடு சேர்த்துப் பேச வேண்டியது கதை. யாருடைய போர் இது? சுற்றுலாவில் சொல்லப்படும் கதையில் மலைவாசிகளுக்கு ஒரு இடம் உண்டு, அது ‘ஃபஸ்ஸி வஸ்ஸி ஏஞ்சல்ஸ்’. சுருட்டை முடித் தேவதைகள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு ஸ்டிரெச்சருக்கு எட்டுப் பேர் என்று காயமடைந்த சிப்பாய்களைச் செங்குத்துச் சேற்றில் தூக்கி இறக்கியவர்கள். அந்த அன்பு பொய்யல்ல. ஆனால் 1942 ஜூன் மாதம் ஆஸ்திரேலிய ராணுவ நிர்வாகம் உள்ளூர் ஆண்களைக் கட்டாய வேலைக்கு எடுக்க உத்தரவு போட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பலர் ஊரிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள். பலர் தப்பி ஓடினார்கள், பலர் நோயில் விழுந்தார்கள். ஆண்கள் இல்லாத ஊரில் தோட்டம் காய்ந்தது.

வடக்கே இன்னும் கசப்பான கதை. 1943ல் ஹிகாட்டுரு என்ற இடத்தில், ஜப்பானியருக்கு உதவினார்கள், மிஷனரிகளைக் காட்டிக்கொடுத்தார்கள் என்று குற்றம் சாட்டி, ஆஸ்திரேலிய நிர்வாகம் ஒரொகாய்வா ஆண்களை ஊர் மக்கள் கண்முன் தூக்கிலிட்டது. 1951ல் அந்த ஹிகாட்டுருவையே லாமிங்டன் எரிமலை எரித்துச் சாம்பலாக்கியது. ஏறக்குறைய 3,000 பேர் செத்தார்கள். இரண்டையும் சேர்த்தே பேசும் பெரியவர்கள் அங்கே இருந்தார்கள். இந்தக் கதைகளைத் தேவதைக் கதையோடு ஒட்டவைப்பது கஷ்டம். அதனால்தான் பெரும்பாலான பயணங்களில் அவை விடுபட்டுப்போகின்றன.

தமிழர்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதே போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதையில் மலேயத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் எத்தனை ஆயிரம் பேர் செத்தார்கள் என்று நம் குடும்பங்களுக்குத் தெரியும். இன்று அந்த ரயில் பாதை ஓடிய தாய்லாந்தின் காஞ்சனாபுரிக்குப் போகும் சுற்றுலாப் பயணி, நேச நாட்டுக் கைதிகளின் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகளை வரிசை வரிசையாகப் பார்க்கிறார். பாலத்தில் படம் எடுத்துக்கொள்கிறார். ஆசியக் கூலிகளுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசை கிடையாது.

கொக்கோடாவில் இதை மாற்ற வாய்ப்பு இருக்கிறது. பப்புவா நியூ கினி தேசிய அருங்காட்சியகம் ஊர் ஊராகப் போய்ப் போர்க்கால நினைவுகளைப் பேசவைத்துப் பதிவு செய்திருக்கிறது. அந்தப் பதிவுகள் அலமாரியில் இருப்பதால் ஊருக்குப் பிரயோசனம் இல்லை. எஃபோகியில் எஃபோகிக்காரர், அலோலாவில் அலோலாக்காரர் தம் தாத்தா சொன்னதை வந்தவர்களுக்குச் சொல்லி, அதற்கு ஒரு தொகை வாங்குவது என்று வைத்தால் அது வேலை. ஒரு பதுங்குகுழியைக் காட்ட நில உரிமையாளருக்குக் கட்டணம், வெடிக்காத குண்டையும் துருப்பிடித்த ஹெல்மெட்டையும் எடுத்துக்கொண்டு போகாமல் காவல் காப்பதற்குக் கட்டணம் என்று வைத்தால் அதுவும் வேலை. நாடு முழுக்கத் தெரிந்த ஆஸ்திரேலிய கைடு ஓயர்ஸ் கார்னரிலிருந்து கொக்கோடா வரை எல்லாக் கதையையும் தானே சொல்லிவிட்டால், ஊர்க்காரருக்கு மிஞ்சுவது கூடாரம் அடிக்கும் புல்வெளிதான். ஜப்பானிலிருந்தும் தம் சொந்தங்களின் எலும்பைத் தேடி வந்தவர்கள் உண்டு. அவர்களுக்கும் சொல்ல இந்த ஊர்களிடம் கதைகள் இருக்கின்றன.

கடைசியாகச் சுமைகாரர்கள். எடைக்கு வரம்பு, கூலிக்குக் குறைந்தபட்சம், தூங்கப் பாயும் போர்வையும், காயம்பட்டால் காப்பீடு என்று நிறுவனங்களுக்கு நிபந்தனைகள் பேசப்பட்டு வருகின்றன. தராசு வைத்து எடை போடும் நிறுவனமும் உண்டு, தராசைப் பார்க்காத நிறுவனமும் உண்டு. போர்ச் சுமைகாரர்களின் உழைப்புக்கு ஆஸ்திரேலிய அரசு நினைவுப் பதக்கம் கொடுக்கத் தொடங்கியதே 2009ல்தான். 67 வருடம் கழித்து. வாங்க வந்தவர்கள் மிகச் சிலர்.

இந்தப் பாதையை ஓட்டப் போட்டியில் ஓர் உள்ளூர் இளைஞர் 17 மணி நேரத்துக்குள் கடந்திருக்கிறார். சுமையோடு வரும்போது அவரைப் போன்றவர்கள் எட்டு, பத்து நாள் வெளிநாட்டவரின் வேகத்துக்கு நடக்கிறார்கள். ஓயர்ஸ் கார்னரில் குழு போய்ச் சேர்கிறது. அங்கிருக்கும் நுழைவு வளைவின் கீழே நின்று படம், கட்டியணைப்பு, கண்ணீர், அப்புறம் பஸ். கொக்கோடா பக்கத்திலிருந்து வந்த சுமைகாரர் காலி மூட்டையோடு திரும்பி, வந்த வழியே 96 கிலோமீட்டர் நடந்து வீட்டுக்குப் போகிறார். அந்தத் திரும்பு நடைக்குக் கூலி உண்டா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. பணம் கட்டுவதற்கு முன்பே அதைக் கேட்டுவிடலாம்.